ஒரே லேப்டாப்ல விண்டோஸும் லினக்ஸும்: டூயல் பூட்டா, விர்ச்சுவல் மெஷினா, இல்ல ரெண்டாவது எஸ்எஸ்டியா?

ஆடி மாசம், கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரம், அக்கா பையன் லேப்டாப்ப கொண்டாந்து கடை டேபிள்ல வெச்சுட்டு "மாமா, சீனியருங்க எல்லாம் உபுண்டு போடச் சொல்றாங்க, இன்னைக்கே போட்டுக் குடு"ன்னு நின்னான். (உபுண்டுங்கிறது லினக்ஸ்ல ஒரு வகை.) கருப்பூர் பக்கம் இன்ஜினியரிங், ரெண்டாவது வருஷம். சேலத்துல சிஸ்டம் சர்வீஸ் பண்ற எனக்கு இது வாரத்துக்கு ரெண்டு மூணு வர்ற கேஸ்தான், ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தள்ளிடலாம். ஆனா இந்த லேப்டாப்ல ஒரு வில்லங்கம், பகல்ல அவனோடது, சாயங்காலம் ஆனா அவங்கப்பாவோடது. அவங்கப்பா, அதாவது எங்க மாமா (அவன் என்னை மாமாங்கிறான், நான் அவங்கப்பாவ மாமாங்கிறேன், குழப்பிக்காதீங்க), சிவதாபுரத்துல கொலுசுப் பட்டறை வெச்சிருக்கார், யாருக்கு எவ்ளோ வெள்ளி எடை போட்டுக் குடுத்தோம், எவ்ளோ கொலுசா திரும்பி வந்துச்சு, கூலி பாக்கி எவ்ளோன்னு மொத்தக் கணக்கும் அதுல இருக்கிற டேலிலதான் கெடக்கு. அதுல நான் கை வெச்சு ஏதாவது ஆச்சுன்னா அடுத்த பொங்கலுக்கு அக்கா வீட்டுப் பக்கம் போக முடியாது.

அதனால அன்னைக்கு உடனே போடல. ரெண்டு கேள்வி கேட்டேன், இப்ப யாரு வந்தாலும் அதே ரெண்டு கேள்விதான் முதல்ல கேக்கிறேன். இந்த மெஷின்ல உன்னத் தவிர வேற யாராவது கை வெக்கிறாங்களா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை நீ விண்டோஸ்ல இருந்து லினக்ஸுக்குத் தாவணும்? உபுண்டுவா மின்டா ஃபெடோராவாங்கிறதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா பாதி முடிவு தானா வந்துடும்.

டூயல் பூட், அதாவது ஒரே மெஷின்ல ரெண்டு ஓஎஸ்ஸப் போட்டு ஆன் பண்ணும்போது எது வேணுமோ அத எடுத்துக்கறது, நம்ம ஊர்ப் பசங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்ல. 2011ல இருந்து தமிழ்நாடு அரசு குடுத்த எல்காட் லேப்டாப் ஞாபகம் இருக்கா, அதுல விண்டோஸ் 7 கூடவே பாஸ் லினக்ஸும் இருந்துச்சு, மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் செஞ்சது. பிளஸ் டூ படிக்கும்போது அந்தப் பெட்டியத் திறந்து ஆன் பண்ணி, கறுப்பு ஸ்கிரீன்ல ரெண்டு பேரு வந்து நிக்கிறதப் பாத்து எது அமுக்கினா வெடிக்கும்னு பயந்தவன் நானு. எங்க செட்ல முக்கால்வாசிப் பேரு பிரவுசிங் சென்டர் அண்ணன்கிட்டக் குடுத்து லினக்ஸ தூக்கிட்டு அந்த இடத்துல படம் ஏத்திக்கிட்டாங்க. நான் மட்டும் தூக்கல, எப்படித் தூக்கறதுன்னு தெரியாதது ஒரு காரணம்.

சரி, மொதல்ல எல்லாரும் கேக்கிற அந்த ஒரே டிஸ்க் டூயல் பூட்டையே எடுத்துக்குவோம். இருக்கிற 512 ஜிபி எஸ்எஸ்டில விண்டோஸ் பார்ட்டிஷன, அதாவது டிஸ்க்ல அதுக்குன்னு பிரிச்சு வெச்ச எடத்த, கொஞ்சம் சுருக்கி, ஒரு 80 இல்ல 100 ஜிபி காலி பண்ணி, அதுல லினக்ஸ் போடறது. பழைய பயாஸ் (ஆன் பண்ணதும் மதர்போர்டுல முதல்ல ஓடற புரோகிராம்) காலத்துல டிஸ்கோட முதல் செக்டார்ல ஒரே ஒரு பூட்லோடர்தான் (ஓஎஸ்ஸ எழுப்பி விடறது) உக்கார முடியும், அதனால விண்டோஸ திரும்பப் போட்டா லினக்ஸோட பூட்லோடரான கிரப் அழிஞ்சு போயிடும். இப்ப வர்ற யூஇஎஃப்ஐ (பயாஸுக்கு அடுத்து வந்தது) மெஷின்ல அப்படி இல்ல, இஎஃப்ஐன்னு ஒரு குட்டி பார்ட்டிஷன், விண்டோஸ் அத வழக்கமா 100 எம்பிக்குத்தான் போடும், அதுக்குள்ள விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர் உபுண்டுக்கு ஒரு ஃபோல்டர்னு ஒரே திண்ணைல ரெண்டு குடித்தனம் மாதிரி இருந்துக்கும், யாரை முதல்ல கூப்பிடணும்னு மதர்போர்டுல ஒரு லிஸ்ட் இருக்கும். இதுல கெடைக்கிற லாபம் என்னன்னா லினக்ஸுக்கு மெஷின் முழுசா கெடைக்குது. 8 ஜிபி ரேம்னா 8 ஜிபியும் அதுக்கே, கிராபிக்ஸ் கார்டு அதுக்கே, யூஎஸ்பில எதைச் சொருகினாலும் நேரா பேசும். காசும் ஒண்ணும் ஆகாது. தனி ஆளு, தன்னோட லேப்டாப், பேக்கப் இருக்கு, ஒரு நாள் பூட் ஆகலன்னா உக்காந்து சரி பண்ற பொறுமையும் இருக்குன்னா தாராளமாப் போடலாம், நானே ஆறேழு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.

வில்லங்கம் எங்கன்னா, அந்தத் திண்ணைல நடக்கிற சண்டை அப்பப்ப வாசலுக்கு வரும். விண்டோஸ் பெரிய அப்டேட் ஒண்ணு ஓடி முடிச்சா சில சமயம் பூட் லிஸ்ட்ல தன்னத் தூக்கி மேல வெச்சுக்கும், லினக்ஸ் காணாமப் போச்சுன்னு பையன் அலறுவான், உள்ள பத்திரமாத்தான் இருக்கும், பயாஸுக்குப் போய் வரிசைய மாத்தினா வந்துடும். அதுக்கு நேர் எதிரா கிரப் மெனுல விண்டோஸையே காணோம்னு வர்றவங்களும் உண்டு, 2021ல வந்த கிரப் 2.06ல இருந்து மத்த ஓஎஸ்ஸத் தேடற வேலைய டீஃபால்ட்டா ஆஃப் பண்ணி வெச்சுட்டாங்க, உபுண்டு மாதிரி சிலது அத கொஞ்சம் பாத்துக்குது, மத்ததுல நாமளா ஒரு வரி மாத்தணும். அப்புறம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ்ல ஷட்டவுன் அமுக்கினா அது முழுசா சாகாது, பாதித் தூக்கத்துல படுத்துக்கும், அந்த நேரத்துல லினக்ஸ்ல இருந்து சி டிரைவத் திறந்து எழுதப் போனா டேட்டா நாறிடும்னு லினக்ஸே பாத்து எழுத விடாது, படிக்க மட்டும்தான் விடும். கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ல போய் அத மொதல்ல ஆஃப் பண்ணிட்டுத்தான் மத்த பேச்சு.

இதெல்லாம் கூட பரவால்ல. என்னை வேர்க்க வெச்சது பிட்லாக்கர், டிஸ்க்ல இருக்கிறதையெல்லாம் பூட்டி வெக்கிற விண்டோஸோட பூட்டு.

மாப்ள லேப்டாப்ப அன்னைக்குச் சும்மா செக் பண்ணலாம்னு பென்டிரைவ்ல லைவ் உபுண்டு (டிஸ்க்ல போடாமலே ஓடறது) போட்டு பூட் பண்ணப் பாத்தேன். என் பென்டிரைவ்ல இருந்தது பழைய இமேஜ், செக்யூர் பூட் (நம்பிக்கையான பூட்லோடர மட்டும் ஓட விடற காவல்) ஒத்துக்கல, சரின்னு பயாஸ்ல போய் செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணினேன். லைவ் ஓடுச்சு, எல்லாம் பாத்தேன், ரீஸ்டார்ட் பண்ணா நீலக் கலர் ஸ்கிரீன், பிட்லாக்கர் ரெகவரி கீ குடுங்கிறான், 48 இலக்கம். இப்ப வர்ற விண்டோஸ் 11 லேப்டாப் பலதுல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு லாகின் பண்ணினதுமே டிஸ்க் என்கிரிப்ட் ஆயிடும், ஹோம் எடிஷன்ல கூட டிவைஸ் என்கிரிப்ஷன்னு வேற பேருல இருக்கும், யாரும் அத நம்மகிட்டச் சத்தமா சொல்றதில்ல. கீ அந்த அக்கவுன்ட்ல இருக்கும். "எந்த மெயில் ஐடி போட்டேடா"ன்னா "வாங்கின எடத்துல அவங்களே ஒண்ணு போட்டுக் குடுத்தாங்க மாமா"ங்கிறான். மணி ஆறு. ஆறரைக்கு மாமா கணக்கு எழுத உக்காருவார். கொஞ்ச நேரம் அப்படியே ஸ்கிரீனப் பாத்துட்டு உக்காந்திருந்தேன், அப்புறம்தான் மண்டைல ஒறைச்சது, பூட்டு மாறிடுச்சுன்னுதான அது சாவி கேக்குது, பழையபடி செக்யூர் பூட்ட ஆன் பண்ணினேன், விண்டோஸ் ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து நின்னுச்சு. உடனே நான் பண்ணின முதல் வேலை செட்டிங்ஸ்குள்ள போய் அந்த 48 இலக்கத்த எடுத்து பட்டறைக் கணக்கு நோட்டோட பின் அட்டைல பேனாவுல எழுதினது. நீங்க டூயல் பூட் போடறீங்களோ இல்லையோ, இதை இன்னைக்கே பண்ணி வெச்சுக்கோங்க.

இன்னொரு கதையும் சொல்லிடறேன், இது முழுக்க என் தப்புதான். நம்ம தோஸ்து ஒருத்தர் ஏற்காட்டுல, நாகலூர் போற வழில, காப்பித் தோட்டமும் நாலு ரூமும் வெச்சிருக்கார். சில வருஷத்துக்கு முன்ன அவரு ஆபீஸ் டெஸ்க்டாப்ல லினக்ஸ் போட்டுத் தர்றேன்னு வீம்பா சொல்லிட்டு மழைக்காலத்துல மேல போனேன். இருபது கொண்டை ஊசியும் ஏறி, பனில கண்ணே தெரியாம போய்ச் சேந்து, சூடா காப்பியக் குடிச்சுட்டு பார்ட்டிஷனச் சுருக்க விட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க், உள்ள ஃபைல் எல்லாம் அங்கங்க செதறிக் கெடக்கும், அத நகத்தி நகத்தித்தான் சுருக்கணும், முக்கால் மணி நேரம் காட்டுச்சு. இருபது நிமிஷம் ஆயிருக்கும், கரண்ட் போச்சு. யூபிஎஸ் இருக்கேன்னு பாத்தா அது ஒரு தடவ கீங்குன்னு கத்திட்டு அதுவும் படுத்துடுச்சு, பேட்டரி செத்து எத்தன நாளாச்சோ, ஏற்காட்டுல மழைக்காலத்துல கரண்ட் எந்நேரமும் போகும்னு தெரிஞ்சும் நான் செக் பண்ணல, பேக்கப்பும் எடுக்கல. மெளகு பறிச்ச ஆள் கூலிக் கணக்கு ரெண்டு வருஷத்துது போச்சு. அவரு திட்டல, அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. லேப்டாப்னா பேட்டரி காப்பாத்தும், டெஸ்க்டாப்ல பார்ட்டிஷன்ல கை வெக்கிறதுக்கு முன்ன யூபிஎஸ்ஸோட பிளக்கப் புடுங்கி அஞ்சு நிமிஷம் தாங்குதான்னு பாத்துக்கோங்க.

இப்ப விர்ச்சுவல் மெஷின். விர்ச்சுவல் பாக்ஸ் ஃப்ரீ, விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும் 2024 கடைசில இருந்து எல்லாருக்குமே ஃப்ரீ ஆயிடுச்சு. விண்டோஸுக்குள்ள ஒரு ஜன்னல், அந்த ஜன்னலுக்குள்ள லினக்ஸ், டிஸ்க்ல அது ஒரு பெரிய ஃபைல், வேண்டாம்னா டெலீட், அவ்ளோதான், பார்ட்டிஷன் பக்கமே போகத் தேவையில்ல. இதுல எனக்குப் புடிச்சது ஸ்னாப்ஷாட், ஒரு எடத்துல நிறுத்தி ஃபோட்டோ புடிச்ச மாதிரி வெச்சுக்கிட்டு, எதையாவது கண்டமேனிக்கு நோண்டிக் கெடுத்துட்டா அந்த ஃபோட்டோவுக்கே திரும்பிடலாம். சைபர் செக்யூரிட்டி படிக்கிறேன்னு காலி லினக்ஸ (ஹேக்கிங் டெஸ்ட்டுக்குன்னே வர்ற லினக்ஸ்) மெயின் ஓஎஸ்ஸா போட்டுக் குடுங்கன்னு வர்ற பசங்கள நான் இதுக்குத்தான் தள்ளிவிடறேன், அந்த டிராகன் வால்பேப்பர் ஜன்னலுக்குள்ள இருந்தாலும் அதே டிராகன்தான். ஆனா ரேம். 8 ஜிபி மெஷின்ல விண்டோஸ் சும்மா உக்காந்திருக்கவே மூணு நாலு ஜிபி வாங்கிக்கும், குரோம்ல பத்து டேப் திறந்தா கேக்கவே வேண்டாம், மிச்சத்துல லினக்ஸுக்கு ஒரு மூணு குடுத்தா ரெண்டு பேருமே பட்டினி. 16 இருந்தா நிம்மதி. அதோட ஏற்கனவே டபிள்யூஎஸ்எல்லோ (அடுத்து சொல்றேன்) விண்டோஸோட சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வியோ ஆன் பண்ணி வெச்சிருந்தா விர்ச்சுவல் பாக்ஸ் ஜன்னலுக்குக் கீழ ஒரு பச்சை ஆமை வந்து உக்காரும், நான் ஸ்லோவாத்தான் போவேன்னு அர்த்தம், சும்மா அலங்காரத்துக்கு வெச்சதில்ல அது.

டபிள்யூஎஸ்எல்தான் நான் மாப்ளைக்கு அன்னைக்கு போட்டுக் குடுத்தது. விண்டோஸுக்குள்ளயே மைக்ரோசாஃப்ட்டே குடுக்கிற லினக்ஸ், பவர்ஷெல்ல ஒரு வரி அடிச்சு ரீஸ்டார்ட் பண்ணா உபுண்டு வந்துடும். இதுவும் உள்ளுக்குள்ள ஒரு விர்ச்சுவல் மெஷின்தான், ரெண்டாவது வெர்ஷன்ல இருந்து உண்மையான லினக்ஸ் கெர்னல்தான் (ஓஎஸ்ஸோட மையக் கரு) ஓடுது, ஆனா கண்ணுக்குத் தெரியாம ஓடும், தேவைப்பட்ட அளவு ரேம் எடுத்துக்கும், ஒண்ணும் சொல்லாம விட்டா மொத்த ரேம்ல பாதி வரைக்கும் போகும், ஒரு சின்ன கான்ஃபிக் ஃபைல்ல அதுக்கு கடிவாளம் போட்டுடலாம், நான் 3 ஜிபின்னு போட்டேன். சி புரோகிராம், பைத்தான், கிட், டாக்கர், ஷெல் ஸ்கிரிப்ட், ரெண்டாவது வருஷ லேப்ல கேக்கிறது எல்லாமே ஓடும். ஒரே ஒரு விஷயம் அவன்கிட்டச் சொல்லி வெச்சேன், ஃபைல் எல்லாத்தையும் லினக்ஸ் பக்கத்து ஹோம்ல வெச்சுக்கோ, சி டிரைவ்ல வெச்சுட்டு லினக்ஸ்ல இருந்து ஓட்டினா இழுத்துக்கிட்டுக் கெடக்கும்னு. அவன் கேக்கல, ஒரு வாரம் கழிச்சு "லினக்ஸ் ஸ்லோவா இருக்கு மாமா"ன்னு வந்தான், ஃபைல எடம் மாத்திக் குடுத்தேன், போயிட்டான். மாமாவுக்கு ஒண்ணுமே தெரியாது, ஆன் பண்ணா விண்டோஸ், டேலி, எடைக் கணக்கு. கோடிங் மட்டும்தான் நோக்கம்னா, லேப்டாப் பங்கு போடறதுன்னா, இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம்னு சொல்லுவேன், நம்ம சர்வீஸ்காரங்க பாதிப் பேரு இத சொல்ல மாட்டாங்க, ஏன்னா ஒரு வரி அடிக்கிறதுக்கு யாரு காசு குடுப்பா.

இப்படியே தீபாவளி வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் அவனுக்கு இஎஸ்பி32ன்னு குட்டி மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒண்ணு வந்துச்சு, ஏதோ புராஜக்ட்டு, அத யூஎஸ்பில சொருகினா டபிள்யூஎஸ்எல்லுக்கு நேராத் தெரியாது, விண்டோஸ்ல தனியா ஒரு டூல் போட்டு ஒவ்வொரு தடவையும் கோத்து விடணும், கேபிளப் புடுங்கிச் சொருகினா மறுபடியும் கோக்கணும். அது போதாதுன்னு லேப்ல கெர்னல் மாட்யூல் (கெர்னலோட சேந்து ஓடற துண்டு புரோகிராம்) எழுதி லோட் பண்ணச் சொல்லிட்டாங்க, டபிள்யூஎஸ்எல்ல அதுக்குக் கெர்னலையே நாம தனியா பில்ட் பண்ணனும். முடியாதுன்னு இல்ல, ஆனா படிக்க வேண்டிய நேரத்துல இதுக்கே மல்லுக்கட்டறான். சரி, இனி நெசமான லினக்ஸ் வேணும்.

யூஎஸ்பில போட்டு எடுத்துட்டுப் போறது ஒரு வழி இருக்கு, அதையும் யோசிச்சோம். வெண்டாய்னு ஒண்ணு இருக்கு, பென்டிரைவ்ல ஒரு தடவ போட்டுட்டா அதுக்கப்புறம் ஐஎஸ்ஓ ஃபைல (ஒரு ஓஎஸ்ஸோட முழு இன்ஸ்டால் இமேஜ்) சும்மா காப்பி பண்ணினா போதும், எத்தன ஓஎஸ் வேணாலும் ஒரே பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணலாம், என் கீசெயின்ல எப்பவும் தொங்கறது அதுதான். டெஸ்ட் பண்ண, ரிப்பேர் பண்ண அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். ஆனா தெனமும் அதுலயே வேலை பாக்கணும்னா பென்டிரைவ் தாங்காது, எழுதி எழுதியே ஒரு நாள் உயிர விட்டுடும், வெளிய வெக்கிற எஸ்எஸ்டின்னா சரி, கிட்டத்தட்ட உள்ள இருக்கிற மாதிரியே ஓடும். அதுல எனக்கிருந்த பயம் வேற, இவன் அஞ்சு ரோடுல பஸ்ஸு மாறும்போது பையில இருந்து தண்ணி பாட்டிலையே தொலைக்கிறவன்.

இன்னொண்ணு, விண்டோஸையே தூக்கிட்டு முழுசா லினக்ஸ். இந்தப் பட்டறை லேப்டாப்ல அதுக்குப் பேச்சே இல்ல, டேலி விண்டோஸுக்குன்னு எழுதினது, ஆடிட்டர் குடுக்கிற டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனும் விண்டோஸ்ல இருந்தாத்தான் நிம்மதி. செவ்வாய்ப்பேட்டை பக்கம் பத்திரிகை அடிக்கிற டிடிபி கடைக்காரங்களும் கோரல்டிராவ விட்டு வர முடியாது, பழைய தமிழ் ஃபான்ட்ல பத்து வருஷ ஃபைலு வெச்சிருப்பாங்க. ஆனா வெறும் பிரவுசரும் ஒரு எக்செல் மாதிரியும் போதும்ங்கிற ஆளுங்களுக்கு இது டூயல் பூட்ட விட ஆயிரம் மடங்கு மேல், ரெண்டு ஓஎஸ்ஸ வளக்கிறதுக்கு ஒண்ண ஒழுங்கா வளக்கலாம். அதுலயும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுது, 11 போடலாம்னா டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப்பு கேக்குது, இன்டெல்ல பொதுவா 8வது ஜெனரேஷனுக்குக் கீழ ஏத்துக்காது. நல்லா ஓடிட்டு இருக்கிற மெஷினு, ரேமும் இருக்கு, சும்மா தூக்கிப் போட மனசு வருமா. ஏற்காட்டுக்காரர் டெஸ்க்டாப்பும் 4வது ஜெனரேஷன்தான், அதுக்கு அப்புறமா வர்றேன்.

மாப்ளைக்கு கடைசியா பண்ணினது ரெண்டாவது எஸ்எஸ்டி. லேப்டாப் மாடல் பேரப் போட்டு மேனுவல்ல பாத்தேன், உள்ள ரெண்டாவது எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி கார்டு சொருகற எடம்) ஒண்ணு காலியா இருக்குன்னு போட்டிருந்துச்சு, எல்லா லேப்டாப்லயும் இருக்காது, வாங்கறதுக்கு முன்ன பாத்துக்கோங்க, சிலதுல இருக்கும் ஆனா சாட்டா வகை மட்டும்தான் ஏத்துக்கும், வேகமான என்விஎம்இ வகை வாங்கிட்டுப் போனா ஏமாந்துடுவோம். 256 ஜிபி ஒண்ணு வாங்கிக்கிட்டு தீபாவளி கழிஞ்சு பட்டறை டல்லா இருந்த ஒரு நாள் அங்கயே போய் உக்காந்துட்டேன். பின்பக்க மூடியக் கழட்டி, கார்டச் சாய்வா சொருகி, லேசா அமுத்திப் புடிச்சுக்கிட்டு அந்த ஒத்த ஸ்க்ரூவ போடணும், அரிசில பாதி சைஸு இருக்கும், கை நழுவி விழுந்துச்சு. எங்க விழுந்துச்சு, கொலுசுல கோக்கிற வெள்ளி முத்து ரெண்டு கைப்பிடி கொட்டி வெச்சிருந்த தட்டுல. ரெண்டும் ஒரே கலரு, ஒரே சைஸு. நான் விரலால தேட ஆரம்பிச்சேன், மாமா என் கையத் தட்டி விட்டுட்டு, அரத்தூள் பொறுக்கற காந்தத்த எடுத்துட்டு வந்து தட்டுக்கு மேல ஒரு சுத்து சுத்தினார், வெள்ளி ஒட்டாது, ஸ்க்ரூ மட்டும் டிக்குனு வந்து ஒட்டிக்கிச்சு. "இதுக்குத்தான் காலேஜ் படிச்சியா"ன்னு கேட்டார். பதில் சொல்லல.

இதுல மறக்கக்கூடாத ஒரு விஷயம், லினக்ஸ் போடும்போது விண்டோஸ் இருக்கிற எஸ்எஸ்டியக் கழட்டி வெச்சுடணும், இல்ல பயாஸ்ல முடக்கி வெக்கணும். ஏன்னா சில இன்ஸ்டாலர் இருக்கு, நாம ரெண்டாவது டிஸ்கக் காட்டினாலும் பூட்லோடர மட்டும் முதல் டிஸ்க்ல இருக்கிற விண்டோஸோட இஎஃப்ஐ பார்ட்டிஷன்லயே கொண்டு போய் வெச்சுடும், அப்புறம் தனி டிஸ்க் வாங்கினதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும். நான் கழட்டி, மாமாகிட்டக் குடுத்தேன், அவரு அத வெள்ளிக்கட்டி வெக்கிற டப்பாவுல வெச்சு மூடிட்டார். உபுண்டு 24.04 தன் டிஸ்க்ல தன் இஎஃப்ஐய போட்டுக்கிச்சு. திரும்ப விண்டோஸ் டிஸ்க மாட்டி, பயாஸ்ல விண்டோஸ முதல்லயே விட்டுட்டேன், மெனு கினு ஒண்ணும் கெடையாது. சும்மா ஆன் பண்ணா டேலிக்காரருக்கு விண்டோஸ், ஆன் பண்ணும்போதே எஃப்12 அமுக்கினா பையனுக்கு உபுண்டு (சில மாடல்ல எஃப்9, சிலதுல எஸ்கேப்). நாளைக்கு ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொண்ணு உயிரோட இருக்கும், லேப்டாப் மாத்தினா அவன் டிஸ்க மட்டும் கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம்.

ரெண்டு டிஸ்க்னா எல்லாத்துல இருந்தும் தப்பிச்சோம்னு நெனைக்காதீங்க, மதர்போர்டு ஒண்ணுதான. மொதல் வாரமே மாமா ஃபோன் அடிச்சார், "டேய், கம்ப்யூட்டர்ல மணி தப்பாக் காட்டுது, காலைல பத்து மணிக்கு நாலரைங்குது". சிரிப்பு வந்துடுச்சு, மறந்தே போயிட்டேன். போர்டுல இருக்கிற கடிகாரத்துல லினக்ஸ் உலக நேரத்த எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம்னு படிக்கும், நமக்கு அஞ்சரை மணி நேரம் வித்தியாசம், கரெக்டா அதே அஞ்சரை. லினக்ஸ்ல டைம்டேட்சிடிஎல்னு ஒரு கமாண்ட் இருக்கு, போர்டு கடிகாரம் உள்ளூர் நேரத்துலயே இருக்கட்டும்னு அதுல ஒரு வரி சொல்லிட்டா சண்டை முடிஞ்சுது. அதே மாதிரிதான் 2024 ஆகஸ்ட்ல நடந்த கூத்தும், மைக்ரோசாஃப்ட் விட்ட ஒரு செக்யூரிட்டி அப்டேட், பழைய ஓட்டை இருக்கிற லினக்ஸ் பூட்லோடர்கள தடுக்கறதுக்கு விட்டது, டூயல் பூட் மெஷின்ல போகாதுன்னு சொல்லித்தான் விட்டாங்க, ஆனா பல டூயல் பூட் மெஷின்லயும் போயிடுச்சு, லினக்ஸ் திறந்தா எஸ்பாட் ஏதோ ஃபெயில்டு, செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்னு ஒரு வரி காட்டிட்டு மெஷின் அணைஞ்சுடும். அந்தத் தடை எழுதப்படறது டிஸ்க்ல இல்ல, போர்டோட மெமரில, அதனால தனி டிஸ்க் இருந்தவங்களும் மாட்டினாங்க, பழைய பென்டிரைவ் கூட பூட் ஆகல. செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணி, லினக்ஸ்குள்ள போய் அந்தத் தடைய அழிச்சு, திரும்ப ஆன் பண்ணித்தான் வந்தாங்க. லினக்ஸ அப்டேட்டா வெச்சிருந்தா இந்தத் தொல்லை கம்மி.

இவ்ளோ படிச்சுட்டும் இல்லண்ணா எனக்கு ஒரே ஸ்லாட்தான், ஒரே டிஸ்க்லதான் போடப் போறேன்னா, போடுங்க, ஆனா வரிசை மாறக்கூடாது. பேக்கப் வெளிய எடுத்து வெச்சுட்டு, பிட்லாக்கர் கீய பேப்பர்ல எழுதி வெச்சுட்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப ஆஃப் பண்ணிட்டு, சுருக்கற வேலைய விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மென்ட்லயே பண்ணுங்க, லினக்ஸ் இன்ஸ்டாலர்ல பண்ணாதீங்க. 200 ஜிபி காலி இருந்தும் 20 தான் சுருக்க விடறான்னா நடுவுல நகராத ஃபைல் ஒண்ணு குறுக்க படுத்திருக்குன்னு அர்த்தம், ஹைபர்னேட்டையும் பேஜ் ஃபைலையும் (ரேம் பத்தாதப்ப விண்டோஸ் டிஸ்க்ல வெச்சுக்கற ஃபைல்) தற்காலிகமா நிறுத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. இன்ஸ்டாலர்ல டிஸ்கே தெரியலன்னா பயாஸ்ல ஸ்டோரேஜ் மோடு இன்டெல் ஆர்எஸ்டின்னோ விஎம்டின்னோ இருக்கும், அத சும்மா ஏஹெச்சிஐங்கிற மோடுக்கு மாத்திட்டீங்கன்னா விண்டோஸ் பூட் ஆகாது, முன்னாடியே விண்டோஸ சேஃப் மோடுல எந்திரிக்கிற மாதிரி வெச்சுட்டு மாத்தணும். முழு டிஸ்கையும் அழிக்கட்டுமான்னு கேக்கிற ஆப்ஷனப் படிக்காம நெக்ஸ்ட் அமுக்கினவங்க என் கடைக்கு வருஷத்துக்கு நாலு பேராவது வர்றாங்க, அவங்க மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன்.

ஏற்காட்டுக்காரர் போன வாரம் கூப்பிட்டார், பழசையெல்லாம் மனசுல வெச்சுக்கல, விண்டோஸ் 10 தெனமும் ஏதோ எச்சரிக்கை காட்டுதுப்பா, என்ன பண்ணலாம்னார். அவருக்கு ரூம் புக்கிங் எல்லாம் பிரவுசர்ல, தோட்டக் கணக்கு ஷீட்ல, பிரின்டர் ஒண்ணு. ஒரு சாட்டா எஸ்எஸ்டிய வாங்கிப் போட்டு அதுல மின்ட், பழைய ஹார்ட் டிஸ்க அப்படியே கழட்டி பீரோவுல, எப்பவாவது பழைய ஃபைல் வேணும்னா மாட்டிக்கலாம், டூயல் பூட்டே வேண்டாம்னு சொல்லிட்டேன். மேல நெட்டு இழுக்கும், 3 ஜிபி கூட ராத்திரி பூரா இறங்கும், அதனால மின்ட் ஐஎஸ்ஓவ இங்க கடைலயே இறக்கி வெண்டாய்ல போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை காலைல கெளம்பறேன், போற வழில யூபிஎஸ்ஸுக்கு புது பேட்டரி ஒண்ணு வாங்கணும், இந்தத் தடவ அது என் காசு.